முதன்முறை ஸ்நார்கெலிங் போகிறவர்களுக்கு: நீச்சலுக்கு முன்னால் மூச்சு

"நானும் என் கணவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஏழு நாள் கரீபியன் கப்பல் பயணம் போகிறோம். கொசுமெல், கிராண்ட் கேமன், பெலிஸ் மூன்றிலும் கப்பல் நிற்கும். இரண்டு இடங்களில் ஸ்நார்கெலிங் பதிவு செய்துவிட்டோம். நான் நீச்சல் குளத்தில் ஓரளவு நீந்துவேன், கடலில் இறங்கியதே இல்லை. அவருக்கு நீச்சல் சுமார்தான், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் எடுக்கிறார். என்ன வாங்குவது, என்ன பழகுவது, பயப்பட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களால் முடியும். அவராலும் முடியும், ஆனால் அவர் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எல்லாரும் தவறாக நினைக்கும் ஒன்றைப் பேசிவிடலாம். ஸ்நார்கெலிங் என்பது கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் மாட்டி, வாயில் கடித்த ஸ்நார்கெல் குழாயால் மூச்சு விட்டபடி, முகத்தைக் கவிழ்த்து மிதந்து கடலுக்குள் பார்ப்பது. அதற்கு நன்றாக நீந்தத் தெரிய வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், மிதவை அங்கி மீதியைப் பார்த்துக்கொள்ளும். புதிதாக இறங்கியவர்கள் பலரோடு கூடவே மிதந்திருக்கிறேன். அவர்களில் பயந்துபோய்ப் படகுக்குத் திரும்பியவர்களுக்குக் கை கால் ஓயவில்லை, மூச்சுதான் குழம்பியது. மூச்சு சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் கடலிலேயே கற்றுக்கொள்ளலாம். அது சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல சாமான் வாங்கினாலும் பயனில்லை.

எனக்கே அது நடந்திருக்கிறது. முதல்முறை போனபோது படகில் கொடுத்த மாஸ்க்கைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டேன். அதன் ரப்பர் விளிம்பு ஒரு பக்கம் மடிந்து இறுகிப்போயிருந்தது. முகத்தைக் கவிழ்த்ததும் இடது கண்ணோரம் தண்ணீர் ஏறியது, நான் பதறி மூக்கால் இழுத்துவிட்டேன். தொண்டை வரை உப்பு. அதற்கப்புறம் குழாய் வழியாக எவ்வளவு இழுத்தாலும் காற்று போதவில்லை. வேகவேகமாக இழுத்தேன், இன்னும் போதவில்லை. ஏணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த என்னிடம் படகுக்காரர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: காற்றை இழுக்காதே, முழுசாக வெளியே ஊது, உள்ளே வருவது தானாக வரும். நான்கைந்து தடவை ஊதினேன். நெஞ்சில் இருந்த இறுக்கம் விட்டது.

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாம் சாதாரணமாக ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 500 மில்லி காற்று. அதில் 150 மில்லி போல தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் தங்கிவிடும், நுரையீரலில் வேலை செய்வது மீதிதான். ஸ்நார்கெல் குழாயைக் கடித்தவுடன் இன்னொரு 100 முதல் 200 மில்லி இடம் அதோடு சேர்ந்துகொள்கிறது. போன மூச்சில் விட்ட பழைய காற்று அந்தக் குழாயில் நிற்கும், அடுத்த மூச்சில் முதலில் அதுதான் திரும்ப உள்ளே போகும். மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சு விட்டால் அந்தப் பழைய காற்றையே சுற்றிச் சுற்றிச் சுவாசிப்போம். கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது பெரும்பாலும் அதுதான். அப்போது மனது 'இன்னும் வேகமாக இழு' என்று சொல்லும், இழுக்க இழுக்க நிலைமை மோசமாகும். நிதானமாக, ஆழமாக, வெளியே விடுவதை உள்ளே இழுப்பதைவிட நீளமாகச் செய்தால் இந்தச் சுழல் உடைந்துவிடும்.

குழாயை இன்னும் நீளமாகச் செய்தால் ஆழத்தில் போய்ப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நெஞ்சை வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக அமுக்கும். மேலே இருக்கும் காற்றை அந்த அழுத்தத்துக்கு எதிராக இழுக்க நம் நெஞ்சுத் தசைகளால் முடியாது. அதனால்தான் குழாய் சுமார் ஒன்றேகால் அடி நீளத்தோடு நின்றுவிடுகிறது.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் ஆரம்பித்துவிடுங்கள். மாஸ்க்கையும் ஸ்நார்கெலையும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருங்கள், டிவி பார்த்தாலும் சரி. வாயால் மட்டும் மூச்சு. முதல் இரண்டு நிமிடம் மூக்கு தேடும், பிறகு பழகிவிடும். மறுநாள் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, முகத்தை அதில் கவிழ்த்து அதையே செய்யுங்கள். முகத்தில் தண்ணீர் பட்டவுடன் மூச்சு தானாக ஒரு கணம் பிடித்துக்கொள்ளும், எல்லாருக்கும் அப்படித்தான். அது விடுகிற வரை காத்திருந்து ஊதத் தொடங்குங்கள். மூன்று நான்கு நாள் இதைச் செய்துவிட்டு, இடுப்பளவு தண்ணீர் உள்ள நீச்சல் குளத்துக்குப் போங்கள். கப்பலிலேயே பழகலாம் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கும் குளம் சின்னது, கூட்டமும் அதிகம்.

குளத்தில் இரண்டு காரியங்கள் கையோடு வந்துவிட வேண்டும். ஒன்று, குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது. வேண்டுமென்றே தலையை அமிழ்த்திக் குழாயை நிரப்புங்கள், மேலே வந்ததும் 'தூ' என்று ஒரே வெடிப்பாக ஊதுங்கள். மெதுவாக ஊதினால் பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஊதியபின் முதல் மூச்சை மட்டும் நாக்கை மேலண்ணத்தில் வைத்து மெல்ல இழுங்கள், மிச்சம் இருக்கும் சொட்டுத் தண்ணீர் தொண்டைக்குப் போகாது. எப்போதும் நெஞ்சில் ஓர் ஊதலுக்கான காற்று மிச்சம் இருக்கட்டும். அலை அறிவிப்பு கொடுத்துவிட்டு வராது. இரண்டாவது, மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை விரட்டுவது. தலையைச் சற்று அண்ணாந்து, மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு இரண்டு விரலால் அழுத்தி, மூக்கால் நிதானமாக ஊதினால் தண்ணீர் கீழ்ப் பக்கமாக வெளியேறிவிடும். பத்துத் தடவை வேண்டுமென்றே நிரப்பிக் காலி செய்தவருக்குக் கடலில் இரண்டு சொட்டுப் புகுந்தால் பதற்றம் வராது. எனக்கு அன்றைக்கு இதை யாராவது குளத்தில் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த முதல் பயணத்தின் பாதி நேரம் ஏணியில் போயிருக்காது.

வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். ஒரே ஒரு பொருள் சொந்தமாக வாங்குவதென்றால் மாஸ்க் வாங்குங்கள். வீட்டில் பழக ஒரு சாதாரணக் குழாயும் வேண்டும், மற்றதெல்லாம் படகிலேயே தருவார்கள். மாஸ்க் முகத்துக்கு முகம் மாறும், விலை அதிகமானது உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. கடையில் பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக இழுத்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் பொருந்துகிறது. காற்று கசிந்து விழுந்தால் அடுத்ததைப் பாருங்கள். விளிம்பு மென்மையான சிலிக்கானாக இருக்கட்டும். கடலில் மாட்டும்போது ஒரு முடி விளிம்புக்கடியில் சிக்கினாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும், அதனால் முன்முடியை முழுக்கப் பின்னால் தள்ளிவிடுங்கள். உங்கள் கணவருக்கு மீசை இருந்தால் மூக்குக்கு அடியில் கொஞ்சம் கசியும். அந்த இடத்தில் சிறிது வாஸ்லின் தடவினால் குறையும், அவ்வப்போது மூக்கால் ஊதிக்கொள்ளவும் வேண்டியிருக்கும். பட்டையை இறுக்கினால் கசியாது என்று நினைத்துப் பலரும் முறுக்கி இழுக்கிறார்கள். இறுக்கினால் விளிம்பு நெளிந்து இன்னும் அதிகமாகக் கசியும். பின்தலையில் உயரமாக, வழுக்காத அளவுக்கு நின்றால் போதும்.

கண்ணாடி போடுகிறவர் என்றால் மாஸ்க்குக்குள் கண்ணாடி போட முடியாது, அதன் கால்கள் விளிம்பைத் தூக்கிவிடும். பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது, தூரப் பார்வைக் குறைக்கு அரை அரை பவராக ஆயத்தக் கண்ணாடி போட்டே விற்கிறார்கள். ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளியே இருக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒளி வளைவதால் தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால்பங்கு கிட்டவும் தெரியும். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும் மீன் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும்.

மாஸ்க் புதிதாக இருந்தால் கண்ணாடியின் உட்புறத்தில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய சிலிக்கான் பூச்சு இருக்கும். அதைப் போக்காமல் கடலுக்குப் போனால் எதைத் தடவினாலும் பனிபடரும். வெள்ளை நிறப் பற்பசையை உட்புறம் தடவி, விரலால் ஐந்து நிமிடம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், ஜெல் பற்பசை வேண்டாம். இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் குழந்தைகள் ஷாம்பூவைத் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு உட்புறம் தடவி, லேசாக அலசிவிட்டு மாட்டுங்கள். எச்சிலும் அதே வேலையைத்தான் செய்யும், முத்துக் குளிப்பவர்கள் முதல் ஆழ்கடல் நீச்சல்காரர்கள் வரை அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். மூக்கால் மூச்சு விட்டாலும் பனிபடரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடி மங்குகிறது என்றால் மூக்கு திறந்திருக்கிறது என்று பொருள்.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்குகள் இப்போது நிறைய விற்கின்றன. மூக்காலும் சுவாசிக்கலாம், வாயில் எதுவும் கடிக்க வேண்டாம், பார்வையும் அகலம். புதியவர்களுக்கு வசதியாகத்தான் தெரியும். நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே பழைய காற்று தங்கும் இடம் பெரிது, தரமில்லாத மாஸ்க்கில் காற்றுப் பாதையும் சரியாகப் பிரிந்திருக்காது. உள்ளே தண்ணீர் வந்தால் ஊதி வெளியேற்ற முடியாது. சாதாரண ஸ்நார்கெல் என்றால் பதறும்போது குழாயைத் துப்பிவிட்டு வாயால் காற்று வாங்கலாம். இதைத் தலையிலிருந்து மொத்தமாகக் கழற்றித்தான் ஆக வேண்டும். மூக்கைப் பிடித்துக் காதழுத்தம் சரிசெய்யவும் முடியாது. குழாயிலும் ஆடம்பரம் வேண்டாம். உச்சியில் தண்ணீரைத் தடுக்கும் வால்வு இருந்தால் புதியவருக்கு உதவி, அது மட்டும் இருந்தால் போதும்.

ரத்த அழுத்தம் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன். கழுத்தளவு தண்ணீரில் மிதக்கும்போது கைகால்களில் இருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் கூடுகிறது, இதயத்துக்கு வேலை அதிகமாகிறது. ஹவாயில் ஸ்நார்கெலிங் மரணங்களை ஆராய்ந்த குழுவினர் ஒரு விஷயத்தை முன்வைத்தார்கள். தண்ணீர் குடித்து மூழ்குவதுதான் எல்லா மரணங்களுக்கும் காரணம் என்று சொல்ல முடியாது, சிலருக்கு நுரையீரலில் திடீரென நீர் கோர்த்து, உடம்பில் ஆக்சிஜன் குறைந்து, சத்தமில்லாமல் தளர்ந்துவிடுகிறார்கள் என்றார்கள். இழுக்கச் சிரமமான ஸ்நார்கெல், கடுமையாக உதைத்து நீந்துவது, ஏற்கெனவே இருக்கும் இதயக் கோளாறு இவையெல்லாம் அதற்குத் துணைபோகும் காரணங்களாக அவர்கள் காட்டினார்கள். அதனால் உங்கள் கணவர் போவதற்கு முன் டாக்டரிடம் "கடலில் ஒரு மணி நேரம் மிதந்து நீந்தப் போகிறேன்" என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். படகில் தரும் உடல்நலப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்.

தண்ணீரில் ஒரே ஒரு விதி: காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், அல்லது திடீரென்று கைகால் பலமில்லாமல் போனால், 'கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். குழாயை எடுத்துவிடுங்கள், மல்லாந்து மிதங்கள், கையை உயர்த்துங்கள், தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். ஒருமுறை எங்களோடு வந்த அறுபது வயதுக்காரர் இறங்கிய ஐந்தாவது நிமிடமே கையைத் தூக்கினார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை, வழிகாட்டி மட்டும் பார்த்துவிட்டார். படகில் ஏறி உட்கார்ந்தபோது அவர் உதடு நிறம் மாறியிருந்தது. ஆக்சிஜன் கொடுத்த பிறகே பேச முடிந்தது. மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று தயங்கியதாக அவர் சொன்னது எனக்கு இன்றும் உறுத்துகிறது. தயங்கவே கூடாது. கை தூக்குகிறவரைக் காப்பாற்றத்தான் வழிகாட்டி இருக்கிறார்.

மிதவை அங்கியைப் படகில் கேட்டு வாங்கிக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், இருவருமே. வாயால் ஊதிக்கொள்ளும் வகையாக இருந்தால் பாதி ஊதியிருந்தால் முகத்தைக் கவிழ்த்து மிதக்கச் சுகமாக இருக்கும். முழுக்க ஊதினால் உடம்பு நிமிர்ந்து நிற்கப் பார்க்கும், ஓய்வெடுக்கும்போது ஊதிக்கொள்ளலாம். படகில் தரும் ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) காலைக் கடிக்கிறதா என்று கரையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள், உள்ளே மெல்லிய சாக்ஸ் போட்டால் தோல் உரியாது. அதைப் போட்டுக்கொண்டு நடப்பதாக இருந்தால் பின்னோக்கி நடக்க வேண்டும். உதைக்கும்போது சைக்கிள் மிதிப்பதுபோல முழங்காலை மடக்காதீர்கள். இடுப்பிலிருந்து, நீளமாக, மெதுவாக.

கப்பல் பயணம் என்பதால் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தலைநகர் ஜார்ஜ் டவுனுக்கு வெளியே நங்கூரமிட்டு, சின்னப் படகுகளில் கரைக்கு அழைத்துப் போவார்கள். பெலிஸ் நகரத்தை ஒட்டிய கடல் ஆழம் குறைவு, அங்கே கப்பல் பல மைல் தள்ளியே நிற்கும். இறங்கவும் ஏறவும் வரிசை, அலை பெரிதாக இருந்தால் கேமனில் இறங்குவதே ரத்தாகும் வாய்ப்பும் உண்டு. கப்பல் நிறுவனத்தின் வழியாகப் பதிவு செய்த பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே தனியாகப் பதிவு செய்திருந்தால் காத்திருக்காது. தனியாகப் போவது சின்னக் குழு, அதிக நேரம் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் முதல் முறைக்குக் கப்பல் வழியாகவே போங்கள். இன்னொன்று, கொசுமெல் இருக்கும் மெக்சிகோவின் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தை வைத்திருக்கிறது, கேமனும் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கப்பல் ஒரு நேரத்தில் ஓட, உங்கள் போன் கரையில் வேறு நேரத்துக்கு மாறிக்கொள்ளலாம். கையில் சாதாரணக் கடிகாரம் கட்டி, அதைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் குமட்டல் வரும் உடம்பு என்றால் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பயன் குறைவு. அசதி தராத மாத்திரையாக டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்நார்கெலிங் முடியும்வரை மதுவைத் தொடாதீர்கள், படகில் தாராளமாகத் தருவார்கள்.

எங்கே போனாலும் இறங்கியவுடனே பவளப் பாறையை நோக்கிக் கிளம்பிவிடாதீர்கள். படகுக்குப் பின்னால் கயிறு விட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கவிழ்த்து, இருபது மூச்சு எண்ணுங்கள். இருபதாவது மூச்சு வரும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரியும், அப்போது கயிற்றை விடுங்கள். மாஸ்க்கைக் கழற்றினால் நெற்றியில் ஏற்றி வைக்காதீர்கள், ஒரே அலையில் போய்விடும். மேலும், நெற்றியில் மாஸ்க் இருப்பவர் ஆபத்தில் இருக்கிறாரோ என்று பார்ப்பது வழிகாட்டிகளின் பழக்கம். கழுத்துக்கு இறக்கிவிடுங்கள்.

நீரோட்டத்தைப் படகுக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கரையிலிருந்து நீங்களாகவே இறங்கும் இடமானால் முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். கொசுமெலில் பெரும்பாலும் ஓட்டத்தோடு மிதந்து போவதுதான் முறை, படகு பின்னாலேயே வந்து வேறிடத்தில் ஏற்றிக்கொள்ளும். அங்கே எதிர்த்து நீந்தவே முயலாதீர்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் படகு எங்கே, துணை எங்கே என்று பாருங்கள். மீனைப் பார்த்துக்கொண்டே போனால் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதே தெரியாது. நீங்கள் இருவரும் கை எட்டும் தூரத்திலேயே இருங்கள், ஒருவர் களைத்தால் இருவரும் ஏற வேண்டும். மூச்சைப் பிடித்துக் கீழே போக ஆசை வந்தாலும் இந்தப் பயணத்தில் வேண்டாம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்குகிறவர்கள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவிழப்பதுண்டு.

உயிரினங்களைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. எதையும் தொடாமல் இருந்தால் நூற்றில் தொண்ணூறு தொந்தரவு வராது. பார்க்கப் பாசிபடிந்த கல் போல இருக்கும் நெருப்புப் பவளம் பட்ட இடம் எரியும். கடல் முள்ளெலியின் முள் காலில் ஏறினால் உடைந்து உள்ளேயே நிற்கும். சிங்க மீன் இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்தது, கரீபியனில் வந்தேறி. அழகான அதன் முதுகு முட்களில் நஞ்சு உண்டு. ஷீலா மீன் உங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு பின்னால் வரும், ஒன்றும் செய்யாது. ஆனால் பளபளக்கும் பொருள் சின்ன மீன் போலத் தெரியும் என்பதால் வளையல், சங்கிலி, மூக்குத்தியைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள். கேமனின் திருக்கை மணல்திட்டுக்குப் போனால் காலைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலைத் தேய்த்தபடி நகருங்கள், காலடியில் இருக்கும் திருக்கை அதிர்வு உணர்ந்து விலகிவிடும். மீனவர்கள் அங்கே மீனைச் சுத்தம் செய்து கழிவைப் போட்டதால் கூடிப் பழகிய திருக்கைகள் அவை. படம் எடுக்கத் தண்ணீருக்கு மேலே தூக்குவது அங்கே சட்டப்படி குற்றம். சொறிமீன் பட்டால் தேய்க்காதீர்கள், கடல் தண்ணீராலேயே அலசி, ஒட்டியிருப்பதை இடுக்கியால் எடுத்து, பிறகு தாங்கக்கூடிய வெந்நீரில் வையுங்கள். வலி அதிகமாகவோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே கப்பல் டாக்டரிடம் போங்கள்.

வெயில்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. முதுகு தண்ணீருக்கு மேலே, உடம்பு குளிர்ச்சியாக, ஒன்றும் தெரியாது. அன்றிரவு படுக்க முடியாது. பின்கழுத்து, முழங்காலின் பின்புறம் இரண்டும் அதிகம் வேகும். முழுக்கை நீச்சல் சட்டையும் நீளமான நீச்சல் கால்சட்டையும் போட்டால் கிரீமே அதிகம் தேவைப்படாது. பவளத்துக்கும் அதுதான் நல்லது. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த கிரீம்களின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்தது பவளத்தைக் கருதித்தான். தடவியே ஆக வேண்டும் என்றால் துத்தநாக ஆக்சைடு வகையைத் தடவுங்கள், நெற்றியில் மட்டும் வேண்டாம். வழிந்து மாஸ்க்குக்குள் போனால் கண் திறக்க முடியாது.

பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, களைப்புக்குப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. பாறைபோல இருக்கும் உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். கால்பந்து அளவு உள்ள ஒன்று உங்கள் வயதைத் தொடுவதாக இருக்கலாம். அதன் உயிருள்ள தோல் மிக மெல்லியது, ஒரு ஃபின் உரசினாலே போய்விடும். கொசுமெலிலும் பெலிஸிலும் நீங்கள் பார்க்கப் போவது ஒரே தொடர்தான். மெக்சிகோவின் யுகடான் முனையிலிருந்து ஹோண்டுராஸ் வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நீளும் மீசோஅமெரிக்கப் பவளத்தொடர் அது.

முதல் இடத்தில் எல்லாரையும் போல அங்குமிங்கும் நீந்துவீர்கள், அது பரவாயில்லை. இரண்டாவது இடத்தில் நான் சொல்வதைச் செய்து பாருங்கள். ஒரு பவளத் திட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேலே உதைக்காமல், கையசைக்காமல் பத்து நிமிடம் மிதங்கள். முதலில் காதில் மொறுமொறுவென்று ஒரு சத்தம் கேட்கும். கிளி மீன் தன் அலகால் பாறையைச் சுரண்டித் தின்கிற சத்தம் அது, கொஞ்ச நேரத்தில் அதன் வாலுக்குப் பின்னால் வெண்மணல் புகைபோல விழுவதையும் பார்ப்பீர்கள். அந்தக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். நீங்கள் அசையாமல் இருக்க இருக்க, ஒளிந்திருந்தவை வெளியே வரும். பவளத்தின் ஓரிடத்தில் பெரிய மீன் ஒன்று வந்து தலை சாய்த்து, வாயைத் திறந்து, செவுளை விரித்து அப்படியே நிற்கும். விரல் நீளம்கூட இல்லாத நீலக்கோடு போட்ட மீன்கள் அதன் வாய்க்குள்ளேயே நுழைந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். முடிந்ததும் பெரிய மீன் உடம்பை ஒரு குலுக்கு குலுக்கும், சின்ன மீன்கள் வெளியே வரும், பின்னால் காத்திருக்கும் அடுத்த மீன் முன்னால் வந்து நிற்கும். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மூச்சு எப்படிப் போகிறது என்று ஒரு கணம் கவனியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பழகிய அதே மூச்சாக இருக்கும்.